இளவரசிக்கு அண்ணன் கிடையாது

எங்கள் ஊர் ஏரி மதகில் விழுந்து செத்துப்போன அருள்மொழி, போன மாதத்திலிருந்து இளவரசியாக இருக்கிறாள். கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். மதகுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். பெயர் நீரவல்லி. அப்பா மன்னர். குலம் சூரிய குலம். எனக்குத் தெரிந்த அருள்மொழியின் அப்பா கரும்பு வெட்டப் போனவர். பத்தாவதில் அவள் சாகும்வரை அவளும் நானும் ஒரே வகுப்பு. கணக்குப் பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதி, என்னோடு சேர்ந்து தோற்றவள்.

அவளுடைய அண்ணன் பக்கிரி எனக்குப் பக்கத்துத் தெரு. புதுச்சேரிப் பக்கம், பாகூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் எங்கள் புங்கம்பாக்கம். நான் சேவியர், குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். கரும்பு, பந்தல் சாமான், வீடு மாறுகிறவர்களின் பீரோ, எதைச் சொன்னாலும் ஏற்றுவேன். கடைசியில் பக்கிரியின் கவலையையும் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டியதாகிவிட்டது.

பக்கிரியின் மகள் சங்கவிக்குக் குருவிநத்தத்தில் மாப்பிள்ளை பார்த்து நாளும் குறித்தாகிவிட்டது. அவர்கள் வீட்டில் கல்யாணம் என்றால் பூவாடைக்காரியை அழைக்காமல் பந்தக்கால் நட மாட்டார்கள். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன வீட்டுப் பெண்ணைத்தான் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். அவள் உயிர் போன நீர்க்கரைக்குப் போய், புதுப் பாவாடை, தாவணி, வளையல், பூ எல்லாம் வைத்துப் படைக்க வேண்டும். குடத்தில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வீட்டுப் பெண் யார் மேலாவது அவள் வருவாள், இரண்டு வார்த்தை பேசுவாள். அப்புறம் குடத்தோடு அவளை வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. பக்கிரிக்கு உண்டு. தங்கச்சி வராமல் என் மகள் கழுத்தில் தாலி ஏறாது என்று சொல்லிவிட்டான்.

இடத்தைக் கூட்டி வைக்கலாமென்று துடைப்பமும் கையுமாக மதகுக்குப் போனவன், வெறுங்கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சேவியரு, தொடப்பத்தப் புடுங்கிக்கினான்பா."

"யாரு?"

"நம்ம பாக்யராஜ். ஈட்டி வெச்சிக்கினு நிக்கிறான்."

குடித்திருக்கிறானோ என்று முகர்ந்து பார்த்தேன். இல்லை. நேரே போய்ப் பார்த்தால், உண்மையிலேயே ஈட்டிதான். மெக்கானிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பையன் பாக்யராஜ், மார்பில் பிளாஸ்டிக் கவசமும் தலையில் ஜரிகைத் துணியுமாக வெயிலில் வெந்துகொண்டிருந்தான். மதகைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கிரி வீட்டார் வருஷா வருஷம் மஞ்சள் பூசிப் பூ வைக்கும் கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

"இன்னாடா வேஷம் இது?"

"மெய்க்காவலர்ண்ணே. டெம்ப்ரவரி போஸ்ட்டு. வருசம் முடிஞ்சா தளபதி ஆக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"அதுக்கு எதுக்குடா தொடப்பத்தப் புடுங்குன?"

"இளவரசி எடத்துல தொடப்பம் கொண்டாரக் கூடாதுண்ணே. ரூல்சு." பாக்யராஜ் குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தெரியும்ணே, அது அருள்மொழி அத்ததான். ஆனா கேமரா இருக்குது. நான் இளவரசின்னுதான் சொல்லணும்."

கேமராவைப் பார்த்து அவன் ஈட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கவசத்தைப் பிய்த்திருப்பேன். பிள்ளை பாவம், இரண்டு மாசக் கைக்குழந்தை வேறு வீட்டில்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. தொன்மக் கதை மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. கொம்யூனுக்கு, அதாவது பஞ்சாயத்து வட்டாரத்துக்கு, ஒரு தொன்மம் என்பது அதன் திட்டம். ஊர் ஊராகக் காரில் போய்க் கதை கேட்டிருக்கிறார்கள். ஏம்பலத்தில் ஒருவர் சொன்ன கதையில் கடைசிவரை யாரும் சாகவில்லை என்பதால் தள்ளிவிட்டார்களாம். எங்கள் ஏரிக்கரையில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் மஞ்சள் கல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி தலையைத் தூக்காமலேயே, "அது பூவாடக்காரி, தண்ணில போனவ" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் எங்கள் ஊர் கொடுத்தது. மன்னன், வெள்ளம், அசரீரி, உடைப்பை அடைக்க மதகிலிருந்து குதித்த மகள், எல்லாம் வாரியத்தின் சொந்தச் செலவு.

மறுநாள் பக்கிரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வில்லியனூரில் இருந்த வாரிய அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் செருப்பை விடச் சொன்னார்கள். உள்ளே செயலர் புகழ்வேந்தன் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். எங்களுக்கு டீ சொன்னார். பக்கிரி விஷயத்தைச் சொன்னான். அந்த இளவரசி என் தங்கச்சி சார், கல்யாணம் வருது சார், கூப்பிட வேண்டும் சார், கயிற்றை மட்டும் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள் சார்.

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பக்கிரி, உங்க ஃபீலிங் எனக்குப் புரியுது. ஆனா இளவரசிக்கு அண்ணன் கிடையாது."

"இருக்கனே சார். நான்தான்."

"கதையில கிடையாது. மன்னருக்கு ஒரே மகள். ஒரே மகளா இருந்தாத்தான் ஜனங்க அழுவாங்க. நீங்க உள்ள வந்தீங்கன்னா, அண்ணன் இருக்கும்போது தங்கச்சி எதுக்குக் குதிக்கணும், அவன் குதிக்கலாமேன்னு ஒரு கேள்வி வரும். உங்களுக்குத்தான் அவமானம்."

பக்கிரி என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

"அவ குதிக்கல சார்," என்றான் பக்கிரி. "உயுந்துட்டா. மதகு மேல நடக்கறதுக்குப் போட்ட கல்லு ஒடஞ்சி இருந்துச்சி. ஆட்ட ஓட்டிக்கினு வந்தவ, கல்லு பொரண்டு உள்ள போயிட்டா."

"அதான் நானும் சொல்றேன். விழுந்தவங்க வேற, குதிச்சவங்க வேற. உங்க தங்கச்சி விழுந்தவங்க. எங்க இளவரசி குதிச்சவங்க. ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தம் இல்லன்னா என் தங்கச்சிய எனக்குக் குடுத்துடுங்க சார்."

எனக்குத் தெரிந்து பக்கிரி பேசியதிலேயே அதுதான் நல்ல பேச்சு. செயலர் கழற்றிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்புறம், இடம் ஒன்றுதான் இருக்கிறது, அதை ஒருவருக்குத்தான் ஒதுக்க முடியும், வேண்டுமானால் உங்கள் தங்கையைத் தொன்மமாக ஏற்க முடியுமா என்று ஒப்பீட்டுக் குழு பார்க்கட்டும் என்றார். உலகத் தரம் இருந்தால் இளவரசியை எடுத்துவிட்டு அருள்மொழியை வைக்க அவருக்கு ஆட்சேபம் இல்லையாம். பக்கிரி கையெடுத்துக் கும்பிட்டான்.

குழு என்றால் ஒரே ஒருவர்தான், டாக்டர் மரிய சுகந்தி. உலகத்துக் கதையெல்லாம் படித்தவர். பத்து நாட்டுக்குப் போய் வந்தவர். எங்கள் பங்குச் சாமியாருக்குக்கூட அவரைத் தெரியும். அதே அலுவலகத்தில் எங்களை எதிரே உட்கார வைத்து, மூச்சு விடாமல் சொன்னார்.

"ஜெர்மனில ஆத்தோரப் பாறைல ஒருத்தி உக்காந்து தலை வாரிக்கிட்டே பாடுவா. கேட்டு மயங்குன படகெல்லாம் மோதி உடைஞ்சிடும். ரஷ்யா பக்கம் தண்ணில செத்த பொண்ணுங்க வெளிய வந்து ஆம்பளைங்கள உள்ள இழுத்துடுவாங்க. மெக்சிகோல ஒருத்தி வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு ஆத்தங்கரை பூரா அழுதுக்கிட்டே போவா. ஜப்பான்ல அணை நிக்கணும்னு உயிரோட ஆள் வெச்சுக் கட்டுனதா சொல்வாங்க. இதுல உங்க தங்கச்சி எந்த வகை?"

பக்கிரி யோசித்தான். "டென்த்து, பி செக்சன் மேடம்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

"தலை வாருவாங்களா?"

"எங்கம்மாதான் வாரிவுடும். ரெட்ட ஜட."

"பாடுவாங்களா?"

"ரேடியோல பாட்டு வந்தா கூடப் பாடும்."

"ஆம்பளைங்க யாரையாவது இழுத்திருக்காங்களா?"

பக்கிரி எழுந்துவிட்டான். அவன் சட்டையைப் பிடித்து நான்தான் உட்கார வைத்தேன். தண்ணீருக்குள் இழுப்பதைத்தான் மேடம் கேட்கிறார்கள் என்று காதில் சொன்னேன். அப்படியும் அவனுக்கு முகம் சிவந்தேதான் இருந்தது.

"வெள்ளைத் துணி?"

"யூனிபாரம் மேடம். ஊதாப் பாவாட."

"அழுவாங்களா?"

"எங்க? எந்நேரமும் சிரிச்சிக்கினே இருக்கும். அன்னிக்கிக் காலைலகூட…" என்று ஆரம்பித்த பக்கிரி அதற்குமேல் பேசவில்லை. மேடம் பேனாவோடு காத்திருந்தார். "காலைலகூடன்னா? அது முக்கியமா?" என்று கேட்டார்.

"முக்கியம் இல்ல மேடம்," என்றான்.

மேடம் வருத்தத்தோடுதான் சொன்னார். அதையும் நான் மறைக்கக் கூடாது. "சிரிக்கிறதுதான் பிரச்சனை. உலகத்துல தண்ணில செத்த பொண்ணு எவளும் சிரிச்சதா ரெக்கார்டு இல்ல. பழிவாங்கணும், இல்ல அழணும், இல்ல தியாகம் பண்ணணும். உங்க தங்கச்சி மூணும் பண்ணல. சும்மா செத்திருக்காங்க."

சும்மா செத்திருக்கிறாள். எனக்குக் காது சுட்டுவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருப்பதாகத்தான் ஜெயசித்ராவிடம், அதாவது பக்கிரியின் மனைவியிடம், சொல்லிவிட்டு வந்திருந்தேன். முடியவில்லை.

"மேடம், சும்மா சாவல. அந்தக் கல்ல மாத்தச் சொல்லி ஊரே போயிக் கேட்டுச்சி. இன்னிக்கி, நாளைக்கின்னு சொன்னாங்க. எங்க ஃபாதரு போயிக் கேட்டாரு, கோயில் தர்மகர்த்தா போயிக் கேட்டாரு. மாத்தல. அவ செத்தா. அப்பவும் மாத்தல. இன்னிக்கும் அதே கல்லுதான் அங்க ஆடிக்கினு இருக்குது. போயி மிதிச்சிப் பாருங்க."

அறைக்குள் வந்து நின்ற செயலர் என் தோளில் கை வைத்தார். அவர் பேசியதை நான் வரிக்கு வரி ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"சேவியர், நீங்க சொல்றதுல ஒரு குற்றவாளி இருக்கான். தொன்மத்துல குற்றவாளி இருக்கக் கூடாது. விதிதான் இருக்கணும். கல் உடைஞ்சிருந்துச்சுன்னா, யார் மாத்தலன்னு கேள்வி வரும். அசரீரி சொல்லுச்சுன்னா, யாரைக் கேப்பீங்க? பாருங்க, எவ்வளவு நிம்மதி! உலகம் பூரா இதுக்காகத்தான் மனுஷன் கதை கண்டுபிடிச்சிருக்கான்."

டாக்டர் மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் படித்ததில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை போலிருந்தது.

மதகு மேல் ஆடுகிற அந்தக் கல்லைப் பற்றி நான் பேசியது வீண்போகவில்லை. அடுத்த வாரமே வாரியம் நடவடிக்கை எடுத்தது. கல்லுக்குப் பொன்னிற வண்ணம் அடித்து, 'இளவரசியின் பாதம் பட்ட கல். இதைத் தொடவோ நகர்த்தவோ பழுதுபார்க்கவோ கூடாது' என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் இத்தனை காலமாகக் கெஞ்சியும் நடக்காத காரியம், இனி நடக்கவே நடக்காது என்று உறுதியானது.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கிரி வீட்டில் பந்தல் சாமான் வந்து இறங்கி, கட்டாமல் கிடந்தது. குருவிநத்தத்துச் சம்பந்தி அம்மாள் தினமும் போன் செய்து, "பூவாட அழைச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு கரையில் அழைத்துக்கொள்ளலாமே என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

ஜெயசித்ரா என்னை முறைத்தாள். "அது செத்தது அங்க. வேற எங்கயோ நின்னு கூப்புட்டா அதுக்கு எப்படிண்ணா கேக்கும்? எங்க கல்யாணத்தப்போ அவரு அங்க நின்னு கூப்புட்டாரு, அது எங்க மாமியா மேல வந்து என்னப் பாத்துச் சொல்லுச்சி, 'அண்ணி, எங்கண்ணன் கோவக்காரன், நீதான் அனுசரிச்சிப் போவணும்'னு. நான் அது மொகத்தப் பாத்ததே இல்ல. ஆனா அண்ணின்னு அதுதான் மொதமொதல்ல என்னக் கூப்புட்டுது."



அப்போதுதான் செயலரே போன் செய்தார். தொன்மத் தலத்துக்குத் திறப்பு விழா. அதில் மரபு நிகழ்ச்சி ஒன்று தேவைப்படுகிறது. பக்கிரி வந்து கூப்பிடட்டும், குடம் கொண்டுவரட்டும், படையலும் வைக்கட்டும். இடம் கொடுக்கிறோம். நிபந்தனை ஒன்றே ஒன்று: 'இளவரசியே' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"மனசுக்குள்ள அருளுன்னு நெனச்சிக்கினு வாயில இளவரசின்னு சொல்லிட்டா?" என்று என்னிடம் கேட்டான் பக்கிரி.

"அவளுக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுபா. அவ நான் திட்டுனாத்தான் திரும்பிப் பாப்பா." சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டான். விழாவுக்கு முன்னால் ஒத்திகை என்று ஒன்று வைத்தார்கள். வாரியத்திலிருந்து வந்த நாடகப் பயிற்சியாளர் பக்கிரியைக் கூப்பிடச் சொன்னார். பக்கிரி கூப்பிட்டான். பயிற்சியாளருக்குத் திருப்தி இல்லை.

"சோகம் பத்தலைங்க. ஒரு நெருங்கின சொந்தம் செத்துப்போச்சுன்னு கற்பனை பண்ணிக்குங்க."

"கற்பன பண்ணிக்கணுமா?"

"ஆமா. உதாரணத்துக்கு, ஒரு தங்கச்சி இருந்தாங்கன்னு வெச்சுக்குங்களேன்."

பக்கிரி அந்த ஆளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆங், இந்த எக்ஸ்பிரஷன் நல்லா இருக்கு, இதையே மெயின்டெயின் பண்ணுங்க" என்றார் பயிற்சியாளர். நான் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கேயே இருந்திருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

விழா அன்று ஏரிக்கரையில் ஈ நுழைய இடமில்லை. வீராம்பட்டினம் தேர்த்திருவிழாவுக்குத்தான் அப்படிக் கூட்டம் பார்த்திருக்கிறேன். மதகுக்கு எதிரே மேடை. மேடைக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் பாதி இறக்கி வைத்த தாமரைப் பூ. அதற்குள் இளவரசி உட்கார்ந்திருந்தாள். புதுச்சேரியிலிருந்து கூட்டி வந்த நாடகப் பெண். நல்ல பெண், எங்களைப் பார்த்து வணக்கம் வைத்தது. காதோரம் மைக் மாட்டியிருந்தது.

சிறப்பு விருந்தினர் பேசினார். "உலகத்தில் எந்த ஆற்றைப் பார்த்தாலும் அங்கே ஒரு பெண் செத்திருக்கிறாள். ஜெர்மனியிலே செத்திருக்கிறாள், ரஷ்யாவிலே செத்திருக்கிறாள். நம் பகுதியிலே மட்டும் யாரும் சாகவில்லையே என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக இருந்தது. அந்தக் குறை இன்று நீங்கியது!" கைதட்டினார்கள். "இந்த ஏரியைக் காக்க இளவரசியே இருக்கும்போது நாம் எதற்கு மதகைப் பழுதுபார்க்க வேண்டும்? அது அவளை நம்பாதது போல் ஆகும். அந்த நிதி மிச்சம். இந்தப் பக்கம் இன்னும் பல மதகுகள் பழுதாக இருப்பதாகச் செயலர் சொல்கிறார். எல்லா மதகுக்கும் ஒவ்வொரு இளவரசி வரவேண்டும் என்பதே என் கனவு!"

இதற்கும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் தட்டவில்லை. அவர்களில் பாதிப்பேருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி அது.

பிறகு பக்கிரியைக் கூப்பிட்டார்கள். பின்னால் ஜெயசித்ரா மஞ்சள் புடவை கட்டி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சங்கவி தட்டில் பாவாடை தாவணி ஏந்தியிருந்தாள். பம்பை முழங்கியது. ஜெயசித்ராவுக்கு விரல் நடுங்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். கண் செருகியது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பக்கிரி மைக்கை வாங்கினான். "இளவ…" என்றான். மறுபடி, "இள…" என்றான். மைக்கைக் கீழே வைத்துவிட்டான். அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"அருளு! அருளு! உன் அண்ணன் மவளுக்குக் கல்யாணம்டி! வாடி வூட்டுக்கு!"

ஜெயசித்ராவின் உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"வந்தேன் அண்ணா!" என்றது ஒலிபெருக்கி. "நாடு காக்க நீரில் கலந்த நான், இதோ, உன் அழைப்புக்கு இரங்கி எழுந்து வந்தேன்!"

தாமரை விரிந்தது. நாடகப் பெண் எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். வாணவேடிக்கை வெடித்தது. சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தி அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜெயசித்ராவின் நடுக்கம், சுவிட்சை அணைத்ததுபோல் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து, தூங்கி எழுந்தவளைப் போலச் சுற்றிலும் பார்த்தாள்.

பக்கிரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "வந்தாளா? சொல்லுடி, வந்தாளா?"

"வாசல் வரைக்கும் வந்துச்சிங்க," என்றாள் ஜெயசித்ரா. "அந்தச் சத்தத்துல திரும்பிப் போயிட்டுது."

மேடையிலேயே செயலர் சான்றிதழ் கொடுத்தார், பூவாடைக்காரி முறைப்படி அழைக்கப்பட்டு வந்து சேர்ந்தாள் என்று. சம்பந்தி வீட்டாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவர்கள் பரம்பரையிலேயே முத்திரை குத்திய பூவாடைக்காரி யாருக்கும் வாய்த்ததில்லையாம். உடனே பந்தக்கால் நடச் சொன்னார்கள். பக்கிரி அந்தச் சான்றிதழை வாங்கி, தாமரைப் பக்கமாகவே விட்டெறிந்தான். அதையும் நிகழ்ச்சியில் ஒரு கட்டம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் விடிந்ததும் பாக்யராஜ் ஓடி வந்தான். பலகையில் புதிதாக ஏதோ எழுதுகிறார்களாம். நாங்கள் போனபோது பெயிண்டர் எழுதி முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கிரிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். நான் படித்துக் காட்டினேன். பக்கிரியின் கூவல் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டதாம். இனி வாராவாரம் மாலைக் காட்சியில் ஒரு நடிகர் அதைச் செய்வார். கீழே பாத்திரங்கள் என்று எழுதியிருந்தது. இளவரசி நீரவல்லி, வரலாற்றுப் பாத்திரம். அண்ணன், கற்பனைப் பாத்திரம்.

"கற்பனன்னா, அன்னிக்கி அந்த ஆளு சொன்னானே, அதுவா?" என்று கேட்டான் பக்கிரி.

"ஆமாம்பா. நெஜத்துல இல்லாதது."

அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நேத்து அவளக் கூப்புட்டது யாரு?"

நான் பலகையை மறுபடி மேலிருந்து படித்தேன்.

"யாரும் கூப்புடலபா," என்றான் அவனே. "இல்லாதவன் கூப்புட்டா எப்படி வருவா? அவ இன்னும் அங்கதான் நிக்கிறா."

வீட்டுக்குப் போய் ஜெயசித்ராவையும் சங்கவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். குடம் இருந்தது. பம்பை இல்லை, படையல் இல்லை. நேற்றைய தாவணியே தட்டில் இருந்தது. பக்கிரி கயிற்றைத் தாண்டினான்.

"அண்ணே, காட்சி சாயங்காலந்தாண்ணே," என்றான் பாக்யராஜ். "கேமரா ஓடுதுண்ணே. எனக்கு வேல போயிடும்ணே."

பக்கிரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொன்னிறக் கல்லுக்கு முன்னால் போய் நின்று, வாயில் கை குவித்து, "அருளு!" என்றான். நேற்றுக் கத்தியதில் குரல் உடைந்து போயிருந்தது. காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றான். அதுவும் ஏரிக்கரையைத் தாண்டாது. இருமினான். அவன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

நான் அவளுக்குச் சொந்தமில்லை. சாதி வேறு, சாமி வேறு. கூடப்பிறந்தவன்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எல்லாம் தெரியும். நானும் கயிற்றைத் தாண்டினேன். "ஏ அருள்மொழி! பி செக்சன் அருள்மொழி! உங்கண்ணன் கூப்புடறான், வா புள்ள!" என்று கத்தினேன். சங்கவி, "அத்த! அத்த!" என்றாள். வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். அவர்களும் கூப்பிட்டார்கள். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாக்யராஜும், "அருள்மொழி அத்தோவ்!" என்று குரல் கொடுத்தான்.

பக்கிரி இன்னும் கிட்டே போய்க் கூப்பிட நினைத்தான் போலிருக்கிறது. அந்தக் கல்லின் மேல் காலைத் தூக்கி வைத்தான்.

பின்னால் குடம் விழுந்து உருண்டது. ஜெயசித்ரா நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தாள். கண் மேலே போய்விட்டது. அவளுக்கு எப்போதும் கட்டைக் குரல். அன்றைக்கு வந்தது மெல்லிய குரல், பத்தாம் வகுப்புப் பெண்ணின் குரல். என்னைக் கேட்காதீர்கள், நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன்.

"அண்ணா, அதுல கால வெக்காதண்ணா. கல்லு இன்னும் ஆடுது."